எலும்பு ஒட்டாத ஏழு கம்பிகள்

அத்தியாயம் 6

ஏழும் சுத்தமாக இருந்தன. தொல்லையே அதுதான்.

மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் அறையில், ஜன்னலோர மேஜை மேல் ஏழு பிளாஸ்டிக் டப்பாக்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீள உலோகத் தண்டு. இடுப்பு மாற்று ஆபரேஷனில் தொடை எலும்புக்குள் இறக்குவது. டாக்டர்கள் ஸ்டெம் என்பார்கள், நோயாளிகள் கம்பி என்பார்கள். ஏழு பேருக்குள் போட்டு, ஒரு வருஷத்துக்குள் ஆட்டம் கண்டு, மறுபடி வெட்டி வெளியே எடுத்த கம்பிகள்.

அண்ணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். மூன்று நாளில் இது எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது. ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் காலையிலேயே வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இன்ஷூரன்ஸ் துப்பறிவாளராக இருந்த கணவர் போன பிறகு, அவருடைய சின்ன ஆபீசையும் பெரிய கடிகாரத்தையும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசோடு சேர்ந்து வந்த இன்னொரு சொத்து, கணவரின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவன், ஐம்பத்து நாலு வயதுப் பிரம்மச்சாரி. கார் ஓட்டுவான், பேசுவான். இரண்டாவதற்குத்தான் பெட்ரோல் அதிகம். அவன் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கேஸ் கொடுப்பவர்களும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

"எலும்பு கெட்டியா பிடிச்சிருந்தா, கம்பியை எடுக்க எலும்பையே பிளக்கணுமாம் தம்பி," என்றாள். "இது ஏழும் பால் பல்லு மாதிரி ஒரே இழுப்புல வந்திருக்கு."

"எங்க சித்தப்பா குடும்பம் மாதிரி. ஒரே வீட்டுல இருப்பாங்க, ஒட்ட மாட்டாங்க."

அண்ணி சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. முடிவு ஏற்கெனவே டைப் ஆகிவிட்டது என்று காரிடாரில் பேச்சு. எலும்பு டாக்டரின் கை போய்விட்டது, வயது அறுபத்து மூன்று, இத்தோடு போதும். ஏழு கம்பியும் அவர் போட்டவை. மாடியில் இருக்கும் இன்னொரு ஆபரேஷன் தியேட்டரில் ஓர் இளம் டாக்டர், இதே கம்பெனியின் கம்பியை, இதே பெட்டிகளிலிருந்து எடுத்து நாற்பது பேருக்குப் போட்டிருக்கிறார். ஒன்றுகூட ஆடவில்லை. பிறகு என்ன கேள்வி?

இதை நம்பாத ஒரே ஆள் பெரிய சிஸ்டர். எலும்பு டாக்டருக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பவர். அவர்தான் அண்ணியைத் தேடி வந்து கேஸைக் கொடுத்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல அவர் போட்டது ஒண்ணும் ஆடல," என்றாள் அண்ணி. "ஆடின ஏழும் இந்தப் பதினாலு மாசத்துக்குள்ள போட்டது. கை போகணும்னா கொஞ்சம் கொஞ்சமாத்தானே போகும்? விளக்கை அணைச்ச மாதிரி ஒரே நாள்ல போகுமா?"

"ஃபியூஸ் போனா போகும்."

"கம்பெனி ஆள் வந்திருக்காரா?"

"கீழ உக்காந்திருக்காரு. நாளைக்குச் சொல்ல வேண்டிய 'எங்க மேல தப்பில்ல'யை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்காரு."

கம்பெனிக்காரர் மருந்துக்கடைக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டை இறுக்கம், முகம் அதைவிட இறுக்கம். அண்ணி எதிரில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த விற்பனையாளர் கண் விழித்தார்.

"மேடத்துக்கு மூட்டுத் தேய்மானமா?"

"எனக்குப் பொறுமைத் தேய்மானம். புதுக் கம்பி ஒண்ணு காட்டுங்க."

அவர் பெட்டியைத் திறந்து, காலாவதியான சாம்பிள் ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தார். கம்பியின் கழுத்து கண்ணாடி போல மின்னியது. அதற்குக் கீழே உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி மங்கல்.

"இந்த மங்கல்தான் எங்க சரக்கு," என்றார். "பொடிக்கல்லை வேகமா அடிச்சு, அப்புறம் ஆசிட்ல முக்கி எடுக்கறோம். கண்ணுக்குத் தெரியாத குழி லட்சக்கணக்குல விழும். எலும்பு வளர்ந்து அந்தக் குழிக்குள்ள புகுந்து பிடிச்சுக்கும். பளபளன்னு விட்டா பிடிக்காது. மங்கலா இருக்கிறதுதான் உசத்தி."

"இதை எனக்குப் பொண்ணு பாத்தப்ப யாராவது சொல்லியிருக்கலாம்," என்றான் கொழுந்தன். க்ரீம் போட்டு வாரிய தலையை விரல்களால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். பிறகு கம்பியை வாங்கி எடை பார்த்தான்.

"சார், அங்க தொடாதீங்க."

"காலாவதியானதுதானே?"

"பழக்கதோஷம், சார்." கம்பெனிக்காரர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கண் மருந்து பாட்டில் போல ஒன்றை எடுத்து மங்கல் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். விழுந்த சொட்டு அப்படியே பரவி, ஒற்றுத்தாளில் விழுந்த மை போலக் காணாமல் போனது. "பாத்தீங்களா? தண்ணி எங்க பரவுதோ, அங்கதான் ரத்தம் பரவும். ரத்தம் பரவற இடத்துலதான் எலும்பு வரும். எல்லா டாக்டர்கிட்டயும் இதைக் காட்டித்தான் விக்கிறேன்."

இரண்டாவது சொட்டை அரை அங்குலம் தள்ளி விட்டார். அது பரவவில்லை. உருண்டையாகத் திரண்டு நின்றது. கம்பியைச் சாய்த்ததும் உருண்டு தரையில் விழுந்தது.

மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"தாமரை இலைத் தண்ணி," என்றாள் அண்ணி மெதுவாக. "அங்க ஏன் ஒட்டல?"

கம்பெனிக்காரர் கொழுந்தனின் தலையைப் பார்த்தார். "சார் தலையில என்ன போட்டிருக்கீங்க?"

"அது தனிப்பட்ட விஷயம்."

"எண்ணெய்ப் பசை. சார் விரல் பட்ட இடம் அது." கைக்குட்டையால் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "துடைச்சாலும் போகாது. குழிக்குள்ள இறங்கிடும். இதனாலதான் சொல்றோம், உறை பிரிச்சா நேரா எலும்புக்குள்ள போகணும். நடுவுல எதுவும் படக்கூடாது. அது பட்டா நாங்க பொறுப்பில்ல."

அண்ணி எழுந்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு தவணையாக.

"தம்பி, வாழ்க்கையில முதல் தடவையா உங்க தலையால ஒரு உபயோகம்."

"வெளிப்பக்கத்தாலதானே? உள்பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."

ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் அறை தியேட்டருக்கு அடுத்த சுவர். நீராவி அடைத்த இரும்புப் பெட்டிகளை முப்பது வருஷமாகக் கவனித்துக்கொள்பவரை மருத்துவமனை முழுக்க ஆவி என்றே அழைத்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்.

"ஆவியோட பேசப் போறோம்," என்றான் கொழுந்தன் வாசலில். "அண்ணி, நீங்க முன்னாடி போங்க."

ஆவி உண்மையிலேயே வெளுத்துப்போய்த்தான் இருந்தார். வெப்பத்தில் வாடிய முகம். கருவித் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினார். கையை நிறுத்தவில்லை.

"டாக்டரைப் பத்திக் கேக்க வந்தீங்கன்னா நல்லதைத்தான் சொல்லுவேன்."

"நல்லதையே சொல்லுங்க," என்றாள் அண்ணி, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "இந்தப் பதினாலு மாசத்துல அவர்கிட்ட என்ன மாறிச்சு?"

ஆவி சுவரைத் தட்டிக் காட்டினார். "கம்பியை எலும்புக்குள்ள சுத்தியலால அடிச்சுத்தான் இறக்குவாங்க. சத்தம் இந்தப் பக்கம் கேக்கும். முன்னெல்லாம் முப்பது, நாப்பது அடி விழும். அப்புறம் வயசாச்சு. நடுவுல நிறுத்தி மூச்சு வாங்க ஆரம்பிச்சாரு. அதுவும் கேக்கும். போன வருஷ ஆரம்பத்துல ஒரு அம்மாவுக்குப் போடும்போது அடி கோணலா விழுந்து தொடை எலும்பு விண்டுபோச்சு. மெல்லிசா ஒயர் சுத்திக் கட்டிச் சரி பண்ணிட்டாரு. ஆனா மனுஷன் ஒரு வாரம் யாரோடயும் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கை பழையபடி வந்துடுச்சு. பத்து, பன்னெண்டு அடி. அவ்வளவுதான். வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி. நானே சந்தோஷப்பட்டேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.  

"தட்டுல ஏதாவது மாறிச்சா? கருவித் தட்டுல?"

"ஒரே ஒரு சாமான் கூடிச்சு. குட்டி பாட்டில். எண்ணெய். அது ஆவியில வேகாது, சூட்டடுப்புல தனியா வைக்கணும். எனக்கு அது ஒரு கூடுதல் வேலை."

"மாடித் தியேட்டருக்கும் போகுதா?"

"இல்லையே. கீழ தீக்காயத் தியேட்டருக்குப் போகும். அங்க தோல் சீவி எடுக்கிற கத்திக்குத் தடவுவாங்க, வழுக்கிக்கிட்டுப் போக."

"எலும்பு தியேட்டர்ல யாரு தோல் சீவறாங்க?"

ஆவியின் கை முதல் முறையாக நின்றது. "நான் கேக்கல. பெரிய சிஸ்டர் தட்டுல ஒண்ணு வச்சா அதுக்குக் காரணம் இருக்கும்."

வெளியே காரிடாரில் ஒரு பெஞ்ச் இருந்தது. அண்ணி உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சர் ஒன்று அவர்களைக் கடந்து போனது. ஒரு சக்கரம் கீச்சிட்டது.

"அண்ணி," என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி. "கேஸ் கொடுத்தவங்களையே பிடிச்சோம்னா நம்ம தொழில் எப்படி உருப்படும்?"

"வந்த அன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? அவர் கை இல்லன்னு நிரூபிச்சுக் கொடுங்க, வேற யார் கையா இருந்தாலும் பரவாயில்லன்னாங்க."

"அப்போ தெரிஞ்சேதான்..."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா நம்மகிட்ட வந்திருக்க மாட்டாங்க." அண்ணி செருப்பைக் கழற்றி, பாதத்தைக் குளிர்ந்த தரையில் வைத்தாள். "திருட்டுப் பயலைப் பிடிக்கறது ஒரு வேலையா தம்பி? அவன் ஓடுவான், நாமளும் ஓடுவோம். நல்லவங்களைப் பிடிக்கறதுதான் உடம்புக்கு ஆகல."

"நாளைக்குச் சொல்லிக்கலாமா?"

"நாளைக்கு அவங்க குழு முன்னாடி போய் நிப்பாங்க. இப்பவே போகணும்."

அவன் குனிந்து, அவள் செருப்பை நேராக எடுத்து வைத்தான்.

பெரிய சிஸ்டர் கருவி அறையில் தனியாக இருந்தார். குள்ள உருவம், நரை, நிமிர்ந்த முதுகு. தியேட்டர் மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்தும், அலமாரியில் இருந்த ஒவ்வொரு இடுக்கியையும் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறை டாக்டர்கள் உடை மாற்றும் அறை. நடுவில் இருந்த கதவு பாதி திறந்திருந்தது. யாரோ உள்ளே அலமாரியைக் காலி செய்யும் சத்தம் கேட்டது.

"ஏதாவது கிடைச்சுதா அண்ணி?" அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு சந்தேகம் சிஸ்டர். உறையைப் பிரிச்சதுலேர்ந்து டாக்டர் கைக்குப் போற வரைக்கும் கம்பியை நீங்க என்ன பண்ணுவீங்க? செஞ்சு காட்டுங்க."

பெரிய சிஸ்டர் ஒரு நீள இடுக்கியைக் கம்பியாக வைத்துக்கொண்டு செய்து காட்டினார். வெளி உறை, உள் உறை, வலது கையில் வாங்குவது. பிறகு இடது கை தானாக ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் போனது. விரல் நுனி இரண்டும் மேலிருந்து கீழாக ஒரு தடவை ஓடின. டாக்டர் கைக்கு நீட்டினார்.

"நடுவுல அது என்ன?"

"எண்ணெய். சுத்தமானதுதான், கிருமி நீக்கினது." அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே தெரியாத குரல். "இங்க வர்றதுக்கு முன்னாடி தீக்காயத் தியேட்டர்ல எட்டு வருஷம் இருந்தேன். கத்திக்குத் தடவிட்டா அழுத்தவே வேணாம். அவருக்கு..." குரலைத் தாழ்த்திக் கதவைப் பார்த்தார். "அவருக்கு வலது தோள் முடியல அண்ணி. அடிக்க அடிக்க வேர்த்துக் கொட்டும். அந்தம்மாவுக்கு எலும்பு விண்டப்ப, சுத்தியலை வச்சிட்டு என் முகத்தைப் பாத்தாரு. அதுக்கப்புறம்தான் லேசா தடவிக் கொடுத்தேன். சுகமா இறங்கிச்சு. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தன்மானம் போயிடும்னு சொல்லல."

அண்ணி கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த சாம்பிளைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். மேஜையில் வைத்தாள். குழாயில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டாள். பரவியது. கொழுந்தன் விரல் பட்ட இடத்தில் இன்னொன்று. உருண்டு நின்றது.

"இது இவர் தலை க்ரீம் பட்ட இடம்," என்றாள். "தண்ணி ஒட்டாத இடத்துல ரத்தம் ஒட்டாதாம். ரத்தம் ஒட்டாத இடத்துல எலும்பு வராதாம்."

விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷம் தியேட்டரில் நின்றவர். பெரிய சிஸ்டர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கை விரல்களைப் பார்த்தார். அவற்றை வெள்ளைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஏழு பேருக்கும் நானா?"

அண்ணி தலையசைத்தாள்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன்," என்றார் பெரிய சிஸ்டர், தெளிவாக. "புத்தியில்லாம நானா தடவினேன்னு சொல்றேன். அவர் தோளைப் பத்தி ஒரு வார்த்தை வராது. நீங்களும் சொல்லாதீங்க. அவர் கௌரவமா வெளிய போகட்டும்."

"ஏன் தடவினீங்கன்னு கேப்பாங்களே," என்றது ஒரு குரல்.

கதவருகில் எலும்பு டாக்டர் நின்றிருந்தார். ஒரு கையில் அட்டைப்பெட்டி, அதற்குள் இரண்டு ஜோடி செருப்பு, ஒரு காபி கோப்பை. உயரமான மனிதர். பெட்டியை இடது கையில்தான் பிடித்திருந்தார். வலது தோள் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. பழக்கப்பட்டவர்கள் கண்ணுக்கு அது படாது.

பெரிய சிஸ்டர் எழுந்து நின்றார். டாக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த கம்பியில் திரண்டு நின்ற சொட்டைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அது உடைந்து ஓடியது.

"பழைய பலம் திரும்பிடுச்சுன்னு நெனச்சேன்," என்றார். "வீட்டுல சொன்னேன். பத்தே அடியில இறங்குதுன்னு என் பையனுக்கு போன் பண்ணிச் சொன்னேன்." சிரிக்க முயன்றார். "கம்பி போற வேகத்தைப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். முப்பது வருஷ கை. அதுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரிஞ்சுக்க இஷ்டமில்ல."

"டாக்டர், தப்பு என்னோடது."

"தடவினது நீங்க. ஆடற தோளோட உள்ள போனது நான். ரெண்டையும் நாளைக்குச் சொல்லுவோம். ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சா ரெண்டுமே பொய்யாயிடும்."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

இங்கேயே முடிந்திருந்தால் அண்ணி வீட்டுக்குப் போய்க் காலை நீட்டியிருப்பாள். கேஸ் முடிந்தது. யார் கை என்று கேட்டார்கள், யார் கை என்று சொல்லியாயிற்று. ஆனால் அந்த மூன்று நாளாக அவள் தலைக்குள் ஓர் எண் மட்டும் கணக்கில் வராமல் இருந்தது.

"சிஸ்டர், எண்ணெய் தடவ ஆரம்பிச்சதுலேர்ந்து மொத்தம் எத்தனை பேருக்குக் கம்பி போட்டீங்க?"

பெரிய சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "பத்தொன்பது."

"திரும்பி வந்தது ஏழு."

டாக்டர் நிமிர்ந்தார். அறையில் இருந்த களைப்பு இப்போது வேறு மாதிரி ஆயிற்று.

"மீதிப் பன்னெண்டு பேர் வெளிய நடந்துக்கிட்டிருக்காங்க," என்றாள் அண்ணி.

"சிலருக்குப் பிடிச்சிருக்கலாம்," என்றார் டாக்டர். "எல்லாக் கம்பியிலயும் ஒரே அளவு பட்டிருக்காது. சிலருக்கு இப்பத்தான் ஆட ஆரம்பிச்சிருக்கும், வலி தெரியாது. இப்பவே படம் எடுத்துப் பாத்தா சின்னதா முடிச்சிடலாம். விட்டா எலும்பை அரிச்சிடும். விழுந்தா தொடையே உடையும்."

"விசாரணை நாளைக்கு. இவங்களுக்கு இன்னைக்கே சொல்லணும்."

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தாள் கேட்டார். கொழுந்தன் தன் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தான். பதிவேடு எதையும் பார்க்காமல் டாக்டர் எழுத ஆரம்பித்தார். தையல்காரர். பேக்கரிக்காரர். இரட்டையரின் அம்மா. ஸ்கூல் மணி அடிக்கிறவர். பெரிய சிஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, மறந்த இரண்டு பேரைச் சேர்த்தார். பன்னிரண்டு ஆனது. மேஜை ஃபோனை அவர்தான் எடுத்தார். பேக்கரிக்காரரின் எண்ணைத் தட்டினார். ஒலிபெருக்கிப் பொத்தானை டாக்டர் அழுத்தினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து சிஸ்டர் பேசறேன்," என்றார் பெரிய சிஸ்டர்.

"சிஸ்டரா? நூறு ஆயுசு உங்களுக்கு," என்றது ஒரு தடித்த குரல். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். "நானே பேசணும்னு இருந்தேன். போன வாரம் மாடிப்படி ஏறிட்டேன், கைப்பிடியைப் பிடிக்காம. ஸ்டிக்கை எதிர்வீட்டுப் பெரியவருக்கே கொடுத்துட்டேன், எனக்கெதுக்கு இனிமே? டாக்டர் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும். சொல்லுங்க அவர்கிட்ட."

  பெரிய சிஸ்டர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நான்தான் பேசறேன்."

"டாக்டர், வணக்கம். இப்பத்தான் உங்களைப் பத்தி..."

"கேட்டேன். நாளைக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? இடுப்பைப் படம் எடுத்துப் பாக்கணும்."

"எதுக்கு டாக்டர்? எனக்குத்தான் வலியே இல்லையே."

டாக்டர் ஒரு நொடி அண்ணியைப் பார்த்தார். அவள் முகத்தில் உதவி எதுவும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது, ஏறத்தாழ அவருடையதைப் போலவே.

"எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கு," என்றார். "உங்களுக்குப் போட்ட கம்பியில. அது எலும்பைப் பிடிச்சிருக்கான்னு தெரியல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம் நின்றது. யாரோ ஏதோ கேட்க, இரு என்று அவர் அதட்டுவது தூரமாகக் கேட்டது.  பிறகு அந்தத் தடித்த குரல், பாதியாகச் சுருங்கி வந்தது.

"அப்போ டாக்டர்... அந்த ஸ்டிக்கைத் திருப்பி வாங்கிடட்டுமா?"

"வாங்கிடுங்க," என்றார் டாக்டர். "இன்னைக்கே வாங்கிடுங்க."